வேர்மணல் வாயிற்குறிகளை அழித்தது பற்றி வெண்ணாவல் அமைச்சர் விடுத்த ஓலை

வான் பொய்யாது பொழிக! வெண்ணாவல் நாடாளும் கோவேந்தர் நன்மாவேளின் ஆணைப்படி, தலைமை அமைச்சர் கீரங்கொற்றன், கலங்கள் நிறைந்த துறைகளும் குன்றாப் புகழும் உடைய குடகரை நாட்டு அரசியார் எயினிமாதேவியார் திருமுன்பு விடுக்கும் ஓலை. தங்கள் குடியும் கொடியும் ஓங்குக!

விடுப்போரின் இல்லத்தைக் காட்டும் வாயிற்குறி இல்லாத ஓலையை அஞ்சலர் சுமப்பதில்லை என்பது இரு நாட்டு வழக்கு. எங்கள் நாட்டில் அக்குறிகளை வழங்குபவர் குறிநாயகம் சேந்தன் அமுதியார். சென்ற கார்காலத்தில், எவரும் கேளாத ஓலைகள் வீடுதோறும் வெள்ளமாய்ப் புகுந்தன. பொன் இரட்டிக்கும், தீராப் பிணி தீரும் என்ற பொய்யை நம்பிக் குடிகள் கெட்டனர். அவை வேர்மணல் தெருக் குறிகளோடு வந்தமையால், அத்தெருக் குறிகள் அனைத்தையும் அழிக்குமாறு வேந்தர் பணித்தார்.

எழுதுவோரும் சுமப்போரும் தம் கைக்கு அடங்கார் என்றும், குறி பெற்றவரின் பெயரும் இருப்பிடமும் மெய்யோ என ஆராய்ந்து பொய்யர் குறியை மட்டும் பறிக்கத் தவணை வேண்டும் என்றும் அமுதியார் மன்றாடினார். அவையோர் அதைச் சோம்பல் என்று நகைத்தனர். அவரும் பணிந்து அழித்தார். அதே தெருவின் மருத்துவச்சாலை மருந்து கேட்டு விடுத்த ஓலை, குறி இன்மையால் நகர்த் தலைவாயிலில் மறுக்கப்பட்டது. காய்ச்சலில் மூவர் மாண்டனர். மாண்டோர் சுற்றத்தார் அமுதியாரின் வாயிலில் மண்ணை வாரித் தூற்றினர். அவர் கதவடைத்து உள்ளேயே கிடந்தார்.

பொய்யரோ தங்கள் குடகரை நாட்டுக் குறிகளைப் பெற்று முன்னினும் மிகுதியாய் விடுத்தனர். வெகுண்ட வேந்தர், குடகரைக் குறி தாங்கிய எவ்வோலையும் எல்லை கடவாதபடி தடுக்கும் ஆணைக்கு அமுதியாரே முத்திரையிட வேண்டும் என்றார். அவர் இம்முறை மறுத்தார், சிறைப்பட்டார். தடையாணையோ அவர் முத்திரை இன்றியே நடப்பிற்கு வந்தது.

யான் சிறைக்குச் சென்றபோது அமுதியார் எழவில்லை. "ஐயா, என்னை விடுவிப்பது இருக்கட்டும். ஆளைப் பாராமல் குறி கொடுக்க வேண்டாம் என்று குடகரையாரிடம் சொல்லுங்கள். இங்கே குறியைப் பறிகொடுத்தவன்தான் அங்கே வேறு பெயரில் நிற்கிறான். அவர்களின் குறிநாயகமும் நானும் பெயர்களை ஒத்துப் பார்த்தாலன்றி அவனைப் பிடிக்க முடியாது," என்று மட்டும் சொன்னார்.

அம்மொழி வேந்தர் செவிக்கும் எட்டியது. பொய்யர் இன்னார் என மெய்ப்பட்ட அன்றே அமுதியார் விடுதலை பெறுவார். அதுவரை தடையும் நீங்காது என்பது ஆணை. ஆதலின் மறுமொழியை ஓலையில் விடுக்க வேண்டா. தங்கள் அரண்மனைக் குறியும் எங்கள் எல்லையில் செல்லாது. தங்கள் குறிநாயகத்தையே நேரில் அனுப்பியருள்க.

இது கோமுத்திரை பெற்றது. எல்லைக் காவலர் இவ்வோலையைப் போகவிடுக.