ஐந்து முறை ஊதிய கர்னாய்

அன்பு மகன் முரோத்துக்கு,

மர்கிலானிலிருந்து அம்மா எழுதுவது. ஆண்டவன் கருணையால் இங்கே நானும் அப்பாவும் பசுவும் கன்றும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் கொஞ்சம் முனகுகிறது. நீயும் கொரியாவில் சுகந்தானே என்று கேட்பதுதான் முறை, ஆனால் நான்கு நாளாக நீ என் போனை எடுக்காததால் உயிரோடு இருக்கிறாயா என்றுதான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. உன் படத்துக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிவதைத் தினமும் பார்க்கிறேன், அதனால் உயிருக்கு ஆபத்தில்லை, வெட்கம்தான் என்று தெரிந்துகொண்டேன். நம் தெருப் பெரியவர் ஹோஷிமின் பேரன் நாளைக்கு விமானம் ஏறி அங்கே வேலைக்கு வருகிறான், அவன் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு பை உலர்ந்த திராட்சையையும் கொடுத்தனுப்புகிறேன். திராட்சை உனக்கு மட்டும், அறையில் இருக்கும் எல்லோருக்கும் வாரி இறைத்துவிடாதே. போன் என்றால் பாதியில் வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கடைசி வரி வரைக்கும் படி.

செவ்வாய்க்கிழமை நடந்ததில் நீ கேட்டது கடைசித் துண்டு மட்டும்தான். முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உனக்குப் புரியும். போன வருஷம் நீ இந்தப் போனை அனுப்பினாய், அழகான போன்தான், ஆனால் யார் கூப்பிட்டாலும் ஒரே மாதிரி கிணுகிணு என்று அடித்தது. மாவுக் கையோடு நீதான் என்று ஓடிவந்து பார்த்தால் பக்கத்து வீட்டு சனோபர், சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு உப்பு இருக்கிறதா என்று போனில் கேட்பாள். சனோபராகத்தான் இருக்கும் என்று ஒருநாள் எடுக்காமல் விட்டேன், அது உன் பிறந்தநாளன்று நீ கூப்பிட்டது. நான் அழுதேன், நீதான் சொன்னாய், ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு ரிங்டோன் வைத்துக்கொள்ளலாம்மா, சந்தை வாசலில் மோஹிரா என்று ஒரு பெண் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள், அவளிடம் மட்டும் போ, வேறு யாரிடமும் கொடுத்துவிடாதே, கெடுத்துவிடுவார்கள் என்று. போன் மேல் என் மகனுக்கு எவ்வளவு அக்கறை என்று நான் நினைத்துக்கொண்டேன் பார், என்னை என்னவென்று சொல்வது.

அந்தப் பெண்ணை உனக்கு நான் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை என்று இப்போது தெரிகிறது. காதில் ஸ்க்ரூட்ரைவரைச் செருகிக்கொண்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஆம்பளைக் கடைகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பாள். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் தாய்வீடு திரும்பியவள் என்று ஊருக்கே தெரியும். நான் அவளைப் பற்றி சனோபரிடம் ஒன்று சொன்னேன், அதை நீ வேறு யார் வாயிலாவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். "ஊர் போனையெல்லாம் ரிப்பேர் பண்றா, ஒரு குடும்பத்தை ரிப்பேர் பண்ணத் தெரியலையே" என்றேன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

முதல் நாளே என்னை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, யார் யாருக்கு என்ன சத்தம் வேண்டும் என்று கேட்டாள். சனோபருக்குக் கோழி கொக்கரிப்பது போதும் என்றேன், சிரிக்காமல் வைத்துக்கொடுத்தாள். உன் அப்பாவுக்குப் பழைய டிராக்டர் கிளம்பும் சத்தம். முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டிய மனுஷனுக்கு அது கோபம் வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் பார்த்தால் தொழுவத்தில் நின்று தன் போனிலிருந்து என் போனுக்குத் தானே அடித்து, எஞ்சின் கொஞ்சம் இருமுகிறது, டீசல் வடிகட்டியைப் பார்க்கணும் என்கிறார். உனக்கு என்ன வைப்பது என்று கேட்டாள், நான் எந்த மூலையில் இருந்தாலும் கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு ஏதோ தேடினாள், திடீரென்று கல்யாண வீட்டில் ஊதுகிற நீட்டுக் குழல் கர்னாயும் மேளமும் கடை அதிர முழங்கின. "ஏம்மா, என் பையனுக்கு முப்பத்தொண்ணு ஆகியும் கல்யாணம் ஆகலைன்னு குத்திக் காட்டறியா?" என்று கேட்டேன். "ஐயோ இல்ல பெரியம்மா, இது கொஞ்சம் சத்தமா கேக்கும், அதான்" என்றாள், முகம் மாதுளம்பழமாகிவிட்டது, அடுப்பு பக்கத்தில் இருக்கிறது, வெக்கை என்று சொன்னாள். அந்த அடுப்பு எரியவில்லை, நான்தான் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் எதையாவது தொட்டுத்தொட்டு ரிங்டோனெல்லாம் இடம் மாறிவிடும், ஒருமுறை உனக்கு டிராக்டரும் அப்பாவுக்குக் கோழியும் வந்துவிட்டது, இப்படிப் பதினோரு முறை அவளிடம் போயிருப்பேன். பதினோரு முறையும் தேநீர் கொடுத்தாள். சந்தையில் தக்காளி விற்கிறவன்கூட முரோத் எப்படி இருக்கான் என்று கேட்பான், அவள் ஒருத்திதான் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எனக்கு அதெங்கே உறைக்கும், என் தலை முழுக்க உன் கல்யாணம். பெண் பேச்சை எடுத்தால் உனக்கு உடனே சிக்னல் போய்விடும், தொழிற்சாலையில் மணி அடித்துவிடும். நானும் எவ்வளவு நாள் பார்ப்பது, சனோபரின் தங்கை மகள் தில்நூரா நல்ல பெண், படித்தவள், அவளையே பேசி முடித்துவிடலாம் என்று, உன்னைக் கேட்காமல், அது என் தப்புதான், வருகிற வெள்ளிக்கிழமை ரொட்டி பிட்டு நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று சனோபரிடம் ஏறக்குறைய வாக்கே கொடுத்துவிட்டேன். அதற்காக ஆட்டுக்கறிகூட வாங்கி உறையவைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் தொழுகை முடித்து மாவு பிசைந்து தொட்டியில் வைத்து, மேலே பழைய மெத்தைப் போர்வையைப் போட்டு மூடினேன். போன் அந்தப் போர்வை மடிப்பில் போய்விட்டது, எனக்குத் தெரியாது. உன் மாமா கல்யாணங்களுக்குத் தள்ளிக்கொண்டு போவாரே, சக்கரம் வைத்த பெரிய ஸ்பீக்கர், அது நம் முற்றத்தில் திராட்சைப் பந்தலுக்கடியில் நின்றது. முந்தின நாள் சாயங்காலம் அப்பா என் போனிலிருந்து புளூடூத்தில் அதற்குப் பாட்டு அனுப்பிக் கேட்டுவிட்டு, அணைக்காமல் படுத்துவிட்டார். நீ ஷிப்ட் முடித்துக் கூப்பிட்டிருக்கிறாய். முரோத், விடிகிற நேரத்தில் நம் முற்றத்திலிருந்து கர்னாய் ஊதியது, ஆள் உயரக் கர்னாய் நாலு பேர் நின்று ஊதுகிற மாதிரி. பசு கயிற்றை அறுத்துக்கொண்டது. நான் போனைத் தேடுகிறேன், அப்பா ஸ்பீக்கரில் எந்தப் பொத்தான் என்று தேடுகிறார், அவர் ஒன்றை அழுத்தினார், சத்தம் இன்னும் கூடியது. நான் எடுக்கவில்லையே என்று நீ மறுபடி, மறுபடி, ஐந்து முறை அடித்தாய். ஒருமுறை அடித்திருந்தால் யாரோ வண்டியில் போகிறார்கள் என்று தெரு நினைத்திருக்கும். காலையில் ஐந்து முறை கர்னாய் ஊதினால் கறியும் கேரட்டும் போட்ட கல்யாணப் பலாவ் தயார், வாருங்கள் என்றல்லாமல் வேறென்ன அர்த்தம்?

முதலில் வந்தவள் சனோபர், கையில் கத்தி. வெட்ட வரவில்லை, கேரட் நறுக்குகிற கத்தி. இன்னொரு கையில் துணியில் கட்டிய இரண்டு ரொட்டி, கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்பதைக் கோபத்திலும் மறக்கவில்லை. "ராத்திரியெல்லாம் கேரட் நறுக்க யாரைக் கூப்பிட்ட? சுவத்துக்கு அந்தாண்ட இருக்கறவ உன் கண்ணுக்குத் தெரியலையா? தில்நூராவக் கேட்டுட்டு வேற எடத்துல முடிச்சுட்டியா, நெஞ்சுல கைய வெச்சுச் சொல்லுடி" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அடுத்து ஹோஷிம் பெரியவர், தூங்குகிற சட்டைக்கு மேல் பட்டு அங்கி, தலையில் குல்லாய், வாயில் பல் செட் இல்லை. "எனக்குச் சொல்லாம இந்தத் தெருவுல ஒரு கர்னாய் ஊதினதில்ல, குத்ரத்" என்று அப்பாவிடம் சொல்லும்போது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பின்னாலேயே பள்ளிவாசலிலிருந்து நேராக முப்பது பேர், பாதிப் பேர் சாப்பிட வந்தவர்கள், பாதிப் பேர் அழைக்காததற்குச் சண்டை பிடிக்க வந்தவர்கள். இது போன் சத்தம், என் மகன் கூப்பிடுகிறான் என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். "போன்னா கிணுகிணுன்னு அடிக்கும் மகளே, கூரையா அதிரும்?" என்று பெரியவர் நம்பவில்லை. உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, வாசற்படி தாண்டி வந்தவரைத் திரும்பிப் போ என்று சொல்ல அவருக்கு வாய் வராது. "வாங்க, உக்காருங்க, இதோ ஆயிடும்" என்று சொல்லிவிட்டுப் பெரிய கொப்பரைக்குக் கீழே தீ மூட்டிவிட்டார். நிச்சயத்துக்கு வாங்கிய கறி வெளியே வந்தது. சனோபர் என்னைத் திட்டிக்கொண்டே கேரட் நறுக்கினாள், ஆனால் நூல் மாதிரி நறுக்கினாள்.

அப்பாதான் மோஹிராவுக்குப் போன் செய்து, மகளே, இந்தப் பிசாசை வந்து நிறுத்து என்று கெஞ்சினார். கால் மணியில் ஓடிவந்தாள், தலைகூட வாரவில்லை. ஸ்பீக்கரைப் பிடுங்கினாள், போர்வையை உதறிப் போனை எடுத்தாள், போனையே அணைத்து என் கையில் கொடுத்துவிட்டு, "பாத்துக்கோங்க, இந்தப் போன்தான் ஊதுச்சு, கல்யாணமெல்லாம் ஒண்ணுமில்ல, இனிமே ஊதாது" என்று எல்லோருக்கும் சொன்னாள். எல்லோரும் அமைதியானார்கள். அந்த அமைதியில் மறுபடி கர்னாய் ஊதியது. சின்னதாக, பக்கத்தில். என் போனைப் பார்த்தேன், இருட்டு. சத்தம் மோஹிராவின் மேலங்கிப் பையிலிருந்து வந்தது.

அவள் எடுத்து நிறுத்துவதற்குள் சனோபர் எட்டிப் பார்த்துவிட்டாள், திரையில் நீ நூடுல்ஸ் சாப்பிடுகிற படம். "இது நம்ம முரோத் இல்ல?" என்றாள், எதை அழுத்தினாளோ, உன் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. "மோஹி, அம்மா எடுக்கவே இல்ல, அஞ்சு தடவ அடிச்சுட்டேன், பயமா இருக்கு, கொஞ்சம் போய்ப் பாரேன். நம்ம விஷயத்த இன்னிக்கு எப்படியாவது சொல்லிடணும்னு ஷிப்ட் பூரா மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன்" என்றாய். ஹோஷிம் பெரியவர் போனுக்கு நேராகக் குனிந்து, "சொல்லு தம்பி, எல்லாரும் கேட்டுக்கிட்டுதான் இருக்கோம்" என்றார். நீ வைத்துவிட்டாய்.

வைத்தவன் இன்றுவரை எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் எங்கே வைப்பாள், எங்கே ஓடுவாள்? அத்தனை பேருக்கு நடுவில் நின்றாள் முரோத். தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் கிளம்பறேன் அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். பதினோரு முறை பெரியம்மா என்றவள் வாயில் அன்றைக்குத்தான் அத்தை வந்தது, அது வந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. நான் கோபப்படுவேன் என்று எல்லோரும் பார்த்தார்கள், நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் அந்தக் கலைந்த தலையைப் பார்த்ததும் நான் அவளைப் பற்றிச் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது. சந்தையில் எதுதான் மறையும், அது அவள் காதுக்கு என்றோ போயிருக்கும், போயும் எனக்குத் தேநீர் ஊற்றியிருக்கிறாள், கூப்பிட்டதும் ஓடிவந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. "எங்க போற? வந்தவங்களுக்குத் தேநீர் யார் ஊத்தறது?" என்று கேட்டேன். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தேநீர் ஊற்றுவது அந்த வீட்டு மருமகள் வேலை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவளுக்குத்தான் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று, புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஊற்றினாள், முப்பது பேருக்கும்.

பலாவ் நன்றாகவே வந்தது. ஹோஷிம் பெரியவர் கை ஏந்தி மணமக்களுக்காக வேண்டினார், மாப்பிள்ளையைத் தவிர எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். சனோபர் கோபத்தோடு இரண்டு தட்டு சாப்பிட்டாள். சாயங்காலம் தில்நூராவிடமிருந்து எனக்கு ஒரு பெட்டி மிட்டாய் வந்தது, அவளுக்கும் வேறு ஏதோ கர்னாய் எங்கேயோ ஊதிக்கொண்டிருக்கிறது போல, அது சனோபரின் தலைவலி. இப்போது சனோபரும் சமாதானம்தான், தன் கத்தியில் நறுக்கிய கேரட்டில் நடந்த விருந்து, அதனால் வெள்ளிக்கிழமை மோஹிரா வீட்டுக்கு ரொட்டியைத் தானே சுமந்து வருவேன் என்று அடம்பிடிக்கிறாள். மோஹிராவின் அம்மாவிடம் சொல்லியாயிற்று.

நீ சாப்பாட்டில் கவனமாக இரு, அந்த நூடுல்ஸையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, ராத்திரி ஷிப்டுக்குக் கம்பளிப் பனியன் போட்டுக்கொள். என்னிடம் சொல்ல இவ்வளவு பயந்தாயே என்று எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, அது வந்து என் மடியில் தலைவைத்துப் படுத்தால் போய்விடும். நீங்கள் இருவரும் நூறு வருஷம் சேர்ந்து வாழ வேண்டும், உங்கள் வீட்டில் ரொட்டியும் சிரிப்பும் குறையாமல் இருக்க வேண்டும். அப்பா இப்போது பக்கத்தில் நின்று, பலாவ் நல்லா இருந்தது, அடுத்த தடவை மாப்பிள்ளையையும் கூப்பிட்டுடு என்று எழுதச் சொல்கிறார்.

ஒன்றை மட்டும் மறக்காதே. வருகிற வெள்ளிக்கிழமை நமக்குப் பகல் பதினொரு மணி, உனக்கு மூன்று மணி, ரொட்டி பிட்கிற நேரத்தில் கூப்பிடு, போன் இந்த முறை என் சட்டைப் பையில் இருக்கும். இன்னொன்று, இன்று காலை மோஹிரா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, என் விரலாலேயே ரிங்டோனெல்லாம் மாற்றிவைத்தேன், அரைமணி நேரம் பிடித்தது. சனோபருக்குப் பழைய கிணுகிணு மணியே போதும். கர்னாய் இனி என் மருமகளுக்கு, அத்தனை பேருக்கு நடுவில் ஓடாமல் நின்றவள் அவள்தான். ஓடினவன் நீ, அதனால் கோழி உனக்கு. ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று நீ சொல்லுகிற அன்றைக்கு மாற்றித் தருகிறேன், அதுவரைக்கும் நீ கூப்பிட்டால் இந்த வீட்டில் கொக்கரிக்கத்தான் செய்யும்.

இப்படிக்கு,
ஊருக்கே பலாவ் போட்டுவிட்டு மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கும்
உன் அம்மா ஸலோமத்