அம்மனிடம் கேட்ட பூ

அடியே, சமையலறைக்குள் நுழைந்தாலே உன் வீட்டு வாசனை அடிக்கிறது. ஈரச் சாக்கு, வைக்கோல், முளைவிட்ட தட்டப்பயறு, எல்லாவற்றுக்கும் மேலே விறகுப் புகை. அடுப்புக்குப் பக்கத்தில் ஐந்து முளைப்பாரிப் பானைகளைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஆடிச் சாரல் நான்கு நாளாக விட்டபாடில்லை. எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. நாளைக்குத் திருவிழா.

கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்து, ஒரே கப்பலில் வந்து, இந்தக் கொடைக்கானல் மலையில் ஒரே பூண்டுக் காட்டுக்குக் கூலிக்குப் போனவர்கள் நாம். லயத்து மாரியம்மனை நம் அப்பாமார் ஒரு பிடி மண்ணாகத் துணியில் முடிந்து கொண்டுவந்து, காலனி முனையில் வைத்தார்கள். அவளைக் கும்பிட நம்மைவிட உரிமையுள்ளவர்கள் யார்? அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

உன் வீட்டுக்காரர் மரம் வெட்டப் போன இடத்தில் கிளை விழுந்து இறந்தார். மறு ஆடியில் நீ வழக்கம்போலப் பானையில் பயறு போட்டாய். பூசாரி அண்ணன் வாசலில் நின்று உன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "வேணாம் ஆத்தா. தாலி இல்லாத பொம்பள தூக்கக் கூடாது. அம்மனுக்கு ஆகாது."

எனக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. "இந்தக் கோயிலே நமக்கு வேணாம்டி. வேற சாமியா இல்ல?" என்று குதித்தேன். நீ பானைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "நான் போயிட்டா அவங்க சொன்னது சரின்னு ஆயிரும்ல புள்ள" என்றாய்.

அந்த வருடம்தான் அந்தக் கூத்தும் நடந்தது. அடுப்படியில் கருவாடு வேகிறது, தீட்டு என்று சொல்லி, மற்றவர்களுடைய பானைகளையெல்லாம் கோயிலில் புதிதாகக் கட்டிய அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். சிமெண்டுத் தரை, கால் வைத்தால் சில்லென்று இருக்கும். இந்தக் குளிரில் அடுப்புச் சூடு இல்லாமல் பயறு எப்படி முளைக்கும்? திருவிழாவுக்கு முந்தின நாள் திறந்து பார்த்தால் எல்லாம் அழுகிப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. அம்மன் கோபம் என்று காலனியே நடுங்கியது. உன் அடுப்படிப் பானை மட்டும் ஒரு முழம் வளர்ந்து நின்றது.

பூசாரி அண்ணன் நாலு பேருடன் உன் வீட்டுக்கு வந்தார். "பானைய மட்டும் குடு ஆத்தா. தூக்குறதுக்கு வேற ஆள் இருக்கு."

அந்த வேற ஆள் நான்தான். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரைப் பகைத்துக்கொள்ளப் பயம். நீ உன் நீலச் சேலைக் கிழிசலைச் சும்மாடாகச் சுற்றி, உன் கையாலேயே என் தலையில் வைத்தாய். "நேரா நட. கீழ போட்றாத" என்றாய். பிறகு குழாயடியில் போய்த் தனியாக நின்றுகொண்டாய். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறு வருடம் ஊர்க் கூட்டத்தில் நீ எழுந்து நின்றாய். "ஆகாதுன்னு நீங்களாத்தான் சொல்றீங்க. அவகிட்டயே பூப் போட்டுக் கேளுங்க."

அம்மனிடம் கேட்க மாட்டேன் என்று எந்தப் பூசாரியால் சொல்ல முடியும்? கல்யாணம் காட்சி எல்லாவற்றுக்கும் நம் ஆட்கள் பூப் போட்டுத்தானே கேட்கிறார்கள். ஒரு வாழையிலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. சின்னப் பிள்ளை ஒருத்தி தட்டிலிருந்து ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் சம்மதம்.

சிவப்பு வந்தது. "சரி, இந்த வருசம் வேணாங்கிறா. அடுத்த வருசமும் கேப்பேன்" என்று சொல்லிவிட்டு நீ காட்டு வேலைக்குப் போய்விட்டாய். எனக்கு அம்மன்மேலேயே கோபம்.

அடுத்த ஆடியில் பொட்டலம் கட்டும் சோலியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நீ இருந்தவரை உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன், கேள். இரண்டிலும் மல்லிகைதான் வைத்தேன். செம்பருத்தியைக் கசக்கி மடியில் செருகிக்கொண்டேன். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓடையில் விடுவது வழக்கம் இல்லையா? அதையும் நானே கொண்டுபோய் விட்டேன்.

வெள்ளைப் பூவைப் பார்த்ததும் நீ தரையில் விழுந்து அழுதாய். அந்தத் திருவிழாவில் பானையோடு நடந்தபோது, "பாத்தியா புள்ள, அவளுக்குத் தெரியும்" என்றாய். நான் தலையை ஆட்டினேன். அதன் பிறகு நம் காலனியில் எந்தக் கைம்பெண்ணையும் யாரும் தடுக்கவில்லை. போன மார்கழியில், நீ படுக்கையில் கிடந்தபோது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் நீ அந்தப் பூவைப் பற்றியே பேச ஆரம்பித்தாய். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

எட்டு நாளைக்கு முன்னால் பூசாரி அண்ணன் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். கையில் ஒரு படி பயறு. அவர் மகன் போன வருடம் இறந்தது உனக்குத் தெரியும். "மருமகளுக்கும் ஒரு பானை போடுத்தா" என்றார். வாங்கிக்கொண்டேன். படியில் இறங்கியவர் அங்கேயே நின்றார்.

"அன்னைக்குத் தட்டு என் கையிலதான இருந்துச்சு. ரெண்டு பொட்டலமும் மல்லி வாசம் அடிச்சுச்சுத்தா."

எனக்கு உயிரே போய்விட்டது. "அப்பவே ஏண்ணே சொல்லல?"

"வேணாம்னு சொன்ன வாயால சரின்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. அம்மன் சொன்னதாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

இத்தனை வருடம் நான் ஒருத்திதான் திருடி என்று நினைத்திருந்தேன், பார்!

நான் ஏமாற்றியது அம்மனையா உன்னையா என்று இன்னும் தெரியவில்லை. திட்டுவதென்றால் நன்றாகத் திட்டு. எனக்கும் தாலி போய் நாலு வருடம் ஆகிறது. பானை தூக்க நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பூசாரி அண்ணன் மருமகள்தான் பயந்து கிடக்கிறாள். உன் நீலத் துணி என் பெட்டியில் இருக்கிறது. நாளைக் காலையில் வெள்ளனே போய், அதைச் சுற்றி அவள் தலையில் வைத்து, "நேரா நட" என்று நீ எனக்குச் சொன்னதையே அவளுக்குச் சொல்வேன். அவளுக்குப் பின்னால் என் பானையோடு நானும் நடப்பேன். குழாயடியில் யாரும் நிற்க மாட்டார்கள்.