ஞானம், மாத்திரையை நிறுத்தாதே

ஞானகுமாரி, நேத்து நான் கத்தினது தப்புதான். ஆனா உங்கக்கா சகாயமேரிக்கு நீ பாட்டுக்கு மாத்திரையை நிறுத்தினது அதைவிடப் பெரிய தப்பு. மனசு நோய்க்குத் தலையில கரண்டு வைக்கும்போது மாத்திரையும் போட்டா இதயம் நின்னுடும்னு சேக்காடு ஊர்ல எவளோ சொன்னா நம்பிடுவியா? டாக்டர்கிட்டே நானே பேரம் பேசிப் பார்த்தேன். "ரெண்டுல ஒண்ணைக் குறைச்சுக்கக் கூடாதா சார்?"

"யோவ், இது கொத்தவால்சாவடி காய்கறி மார்க்கெட்டா? இதயத்தைச் சோதிச்சுட்டுத்தான் ரெண்டையும் சேர்த்துக் குடுக்கிறேன்"னார்.

வெறும் வயிறுன்னு சொன்னது கரண்டு வைக்கிற காலையில மட்டும்தான். நீ அதை ஒருசந்தி விரதம் மாதிரி நாள் பூராவும் ஆக்கிட்டே. இன்னிக்குக் கரண்டு வைக்கிறது இல்லே. கஞ்சி குடு. அப்புறம் மாத்திரையைக் குடுத்து, முழுங்கிட்டாளான்னு வாயைத் திறக்கச் சொல்லிப் பாரு.

அழுகின தக்காளியை வாயாலேயே வித்தவன் நான். கட்டினவளை ஒரு வாய் சாப்பிட வைக்க முடியலே. இதுல குணமாகும்னு எனக்கும் நம்பிக்கை இல்லே ஞானம். போறதுக்கு வேற கடையும் இல்லே.

மாமா

மறந்துட்டேன்: கிணத்து மூடிக்குப் பூட்டு போட்டிருக்கேன், சாவி என்கிட்டே. தண்ணி வேணும்னா பக்கத்து ஊட்டுல கேளு. ஏன் பூட்டுன்னு உங்கக்கா கேட்டா, எலி விழுந்துடுச்சுன்னு சொல்லு.