தண்டின் கனம்

மார்ச் 18, திங்கள்

ஏகாம்பரநாதர் வீதியுலா. ஊரே சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் வாகனத்துக்கு அடியில் இருந்த மரத்தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுமப்பவர்கள் தோளை அசைத்து நடக்கும்போது அது நடுவில் வளைந்து துள்ளுகிறது. எவ்வளவு வளையும்? எப்போது முறியும்?

"சாமி மேல இருக்குதுமா, நீ எங்க பாத்துக்கினு இருக்கற?" என்றார் மாணிக்கவேல். கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் மனிதருக்கு என்னைத் தெரியவில்லை.

மார்ச் 20

பொருள் எப்படி வளைகிறது, எங்கே விரிசல் விடுகிறது என்ற படிப்பில் முனைவர் பட்டம் வாங்கினேன். மெக்கானிக்கலில் சேர ஆளில்லை என்று கல்லூரி அந்தத் துறையையே மூடிவிட்டது. இப்போது செவிலிமேட்டு வீட்டில் பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன்.

லேபில் இழுவை இயந்திரத்தில் கம்பி அறுந்ததும் டீக்கடையில் ஒரு சண்டை நடக்கும், ஏன் அங்கே அறுந்தது என்று. அந்தச் சண்டைக்கு ஏங்குகிறேன். மாப்பிள்ளை தேடும் வயதில்கூட இப்படி ஏங்கியதில்லை.

மார்ச் 22

ஷாரோன் கூப்பிட்டாள்! ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தவள். இன்று சென்னைக் கல்லூரி ஒன்றில் சொந்தமாக லேப் வைத்திருக்கிறாள். இரண்டு வருஷ வேலை ஒன்று காலியாம். ஏப்ரல் 26-ல் அவள் குழுவுக்கும் துறைத்தலைவருக்கும் முன்னால் பேச வேண்டும். பிடித்தால் வேலை எனக்கு. அதுவரை வெள்ளிக்கிழமைக் கூட்டங்களில் ஆன்லைனில் உட்காரலாம்.

எதைப் பற்றிப் பேசுவது? தண்டுதான்.

ஏப்ரல் 5

முதல் கூட்டம். யுவன் என்ற மாணவன் எந்த இன்ஸ்டிட்யூட் என்று கேட்டான். செவிலிமேடு என்றேன். பாவம், இணையத்தில் தேடிப்பார்த்தான்.

அவர்களுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை தெரிந்தது. கணக்கில் யார் சொதப்பினாலும் சொதப்பலைப் பெயரோடு அதில் எழுதிவைப்பார்களாம். முதல் பெயர் ஷாரோனுடையது. லேப் ஆட்களுக்கு மட்டும்தான் அதில் இடமாம். பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. சொதப்பல்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஏப்ரல் 14

வருஷப்பிறப்பு. வாகன மண்டபத்தில் அனுமதி கேட்டு, டெய்லர் டேப்பால் தண்டை அளந்து வந்தேன். பாயசம் அடிப்பிடித்தது.

ஏப்ரல் 24

வந்துவிட்டது! ஆட்கள் அசைகிற வேகமும் தண்டு தானாக அதிர்கிற வேகமும் கணக்கில் அப்படியே ஒன்றாக வருகின்றன. துள்ளலுக்குக் காரணம் இதுதான். அடுப்படியில் ஒரு சுற்று ஆடினேன்.

ஏப்ரல் 26

போச்சு.

பாதிப் பேச்சில் யுவன், "மேம், உங்க தண்டு வாகனத்த விட கனமா இருக்குதே?" என்றான்.

கணக்குப் போடுகிற மென்பொருள், மீட்டரா மில்லிமீட்டரா என்று அலகு எதையும் கேட்காது. கொடுத்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும். நீளத்தை மில்லிமீட்டரில் கொடுத்தால் எடையை டன்னில் கொடுக்க வேண்டும். நான் கிலோவில் கொடுத்திருக்கிறேன். தண்டு ஆயிரம் மடங்கு கனமாகிவிட்டது. முதல் வருஷப் பிள்ளைகள் செய்கிற தப்பு. விடை அழகாக வந்ததும் சரிபார்க்கத் தோணவே இல்ல எனக்கு. என்ன படிச்சேன், என்ன கிழிச்சேன்?

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணைத் திருத்தி மறுபடி ஓட்டினேன். இரண்டு வேகமும் ஒட்டவே இல்லை. "நான் சொன்னது தப்பு, துள்ளலுக்குக் காரணம் எனக்குத் தெரியல" என்று சொல்லி முடித்தேன். லேப்டாப்பை மூடிவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 27

மகள் தீபிகா கேட்டாள்: "அம்மா, நீ ஃபெயிலா?"

ஏப்ரல் 29

ஷாரோனிடமிருந்து ஒரு போட்டோ மட்டும். கரும்பலகை. கடைசி வரி யுவனின் கோணல் எழுத்தில்: 'கலைவாணி - ஆயிரம் மடங்கு தண்டு'.

உடனே கூப்பிட்டேன். லேப் ஆட்களுக்கு மட்டும்தானே அதில் இடம் என்றேன்.

"ஆமாம்பா," என்றாள். "ஏன் துள்ளுதுன்னு இங்க ரெண்டு நாளா ஒரே சண்டை. நீ வந்து தீர்த்துவை."

ஜூலை 8, திங்கள்

மழை வரும் போலிருந்ததால் எல்லோரும் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். பெருக்க வந்த அங்கம்மாள், போர்டு ரொம்பிப்போச்சு, துடைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். லேபைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.