சுவரில் அப்பிய முகப்பொடி

அன்பு மகளுக்கு,

எதையும் பாதியில் விடாத உன் தந்தையான நான், இன்று ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டேன்.

"அம்மா போயி வருஷம் ஒண்ணாச்சு. அவங்க தலை சாய்ச்ச எண்ணெய்க் கறை மட்டும் சுவத்துல எதுக்குப்பா?" என்று நேற்றுக் கடிந்துகொண்டாய். நானும் முகத்து எண்ணெயை உறிஞ்சும் உன் வெண்களிமண் பொடியைக் குழைத்து, காலையில் கறைமீது அப்பினேன். காய்ந்ததும் சுரண்டினேன், பாதி போய்விட்டது. கையிலிருந்த மண்ணில் அவள் கூந்தல் எண்ணெய் இலேசாக மணத்தது. "இது என் இடம் வாத்தியாரே, தள்ளி உக்காருங்க" என்பாளே, அந்தக் குரலும் கேட்டது.

சோறு மூடி வைத்துள்ளேன். வர்ணம் பூசுபவர் பத்து மணிக்கு வருவார்.

பி.கு.: உன் பொடி தீர்ந்துவிட்டது, புதிய புட்டி வாங்கவே கடைக்குச் செல்கிறேன்.

இன்னொன்று: எஞ்சிய கறையின்மேல் வர்ணம் பூச வேண்டாமென்று அவரிடம் சொல்லிவிடு.