பாதி மாத்திரை

மார்ச் 4
மனநல டாக்டர் இந்த மாதமும் வரவில்லை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு அவர் வருவதே மாதத்தில் முதல் செவ்வாய் மட்டும்தான். அதுவும் போச்சு. சீட்டு தருகிற அம்மா தலை நிமிராமலே, "அடுத்த மாசம் பாருங்க" என்றாள். போன மாதமும் இதையேதான் சொன்னாள். ஜெராக்ஸ் கடைக்கு லீவு போட்டுத் தம்பியை இழுத்துக்கொண்டு போனதுதான் மிச்சம்.

மார்ச் 5
பழைய சீட்டுக்கு மருந்துக்கடைக்காரர் மாத்திரை தர மாட்டாராம். "தேதி முடிஞ்சுபோச்சும்மா, என் தலையில விடியும்." அவர் சொல்வதும் நியாயம்தான். கையில் பதினாலு மாத்திரை. கத்தியை எடுத்துப் பாதிப் பாதியாக நறுக்கினேன். இருபத்தெட்டு நாள் ஓட்டிவிடலாம். தம்பிக்குத் தெரியாது.

மார்ச் 19
அவன் தூங்குவதில்லை.

மார்ச் 22
கடையிலிருந்து வந்து பார்த்தால் மின்விசிறி தரையில், துண்டு துண்டாக. மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவன் அல்லவா, ஒரு திருகாணி விடாமல் கழற்றியிருக்கிறான். "அதுக்குள்ளேருந்துதான் பேசுறாங்கக்கா" என்றான். ஒரு வருஷமாக இல்லாமலிருந்த குரல்கள்.
நான்தானே — கத்தியும் கையுமா உட்கார்ந்து நறுக்கினவ நான்தானே. யாரைப் போய்த் திட்டுறது?

மார்ச் 24
ஏழு மணி நேரம் பஸ். வழியில் இரண்டு முறை இறங்கி ஓடப் பார்த்தான். நகரத்தில் ஒரே தெருவில் பதினொரு மனநல டாக்டர்கள். செருப்புக்கடை மாதிரி வரிசையாக போர்டு. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.
பாதி மாத்திரைக் கதையைக் கேட்டு டாக்டர் திட்டவில்லை. "கொஞ்ச நாளைக்கு வாராவாரம் பார்க்கணும்" என்றார்.
"உங்கள்ல ஒருத்தராவது எங்க ஊருக்கு வரக்கூடாதா?" கேட்டேவிட்டேன்.
"பிள்ளைங்க படிப்பு இங்க இருக்கேம்மா" என்றார்.

மே 11
டாக்டர் வருகிற வழியாக இல்லை. தம்பிதான் போய்விட்டான். அந்தத் தெருவுக்குப் பக்கத்தில் பெரியம்மா மகனோடு ஒரே அறை. அங்கேயே மோட்டார் பட்டறையில் வேலை. கிளம்புமுன் மின்விசிறியைச் சேர்த்து மாட்டினான். முன்பைவிட நன்றாக ஓடுகிறது. அதைப் பார்த்தாலே அழுகை வருகிறது, என்ன செய்ய.
தினமும் போன் செய்கிறான். "முழுசா போட்டுட்டேன்க்கா."

ஜூலை 1
ஆஸ்பத்திரி பியூன் அறிவிப்பு ஒன்றைக் கொண்டுவந்து இருபது பிரதி கேட்டார். 'நோயாளிகள் வருகை குறைவாக உள்ளதால் மனநல டாக்டரின் மாதாந்திர வருகை நிறுத்தப்படுகிறது.'
வருகை குறைவாம். யார் வருகை?
பியூன் டீ குடிக்கப் போயிருந்தார். பேனாவை எடுத்து அடியில் எழுதினேன்: நகரத்துக்கு முதல் பஸ் காலை 5.10. மாத்திரையைப் பாதியாக்க வேண்டாம்.
அப்புறம்தான் இருபது பிரதி போட்டேன்.