டெலானிபூர் சுவரில் உன் கப்பல்

ஓவியச் சக்கரவர்த்தி அண்ணனே,

இன்று காலை தூரிகை கழுவ டர்பன்டைன் டப்பாவைத் திறந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதுமே நீ வந்து நின்றுவிட்டாய். செத்தும் உனக்குத்தான் முதலிடம். இந்த அக்கிரமத்தைக் கேட்க ஆளில்லை.

நம் தீவில், டெலானிபூர் மேட்டுச் சுவரில் நம் காலனியே கூடிப் படம் தீட்டியது நினைவிருக்கிறதா? மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பல், அதன் மேல்தளத்தில் காலனிக்காரர்களின் முகங்கள். கப்பலும் முகங்களும் உனக்கு, கடல் எனக்கு. வங்கக் கடலையே வாளியில் கரைத்து வீசினேன். ஒவ்வோர் அலையும் ஒரு யானைக்கூட்டம்! ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டமெல்லாம் உன் ஏணிக்கடியில்.

"பாய், மூக்கை இன்னும் கொஞ்சம் நீட்டவா?" என்பாய் மேலிருந்து.

"இருக்கிறதே போதும்ணே, சாமான் எடுக்கிறப்ப இடிக்குது" என்பார் கடைக்கார பாய். ஊரே சிரிக்கும். என் அலைகளுக்கு நடுவே நான் மட்டும் வெந்துகொண்டிருப்பேன்.

எல்லோரையும் கப்பலேற்றினாய், என்னைத் தவிர. கேட்டதற்கு, "நீயும் ஏறிட்டா கடலை யாருடா பாத்துக்கிறது?" என்றாய். அதற்கும் கைதட்டல்! உன்னை மிஞ்ச வேறு வழி தெரியாமல் உன்னைப் போலவே முறுக்கு மீசை வளர்த்தேன். "அண்ணன் மீசை மாதிரியே இருக்கே" என்றார்கள். அதிலும் நீயே மூத்தவன்.

ஆனால் பெயிண்டில் கோட்டைவிட்டாய். டிங்கிப் படகு பழுது பார்க்கிறவன் நான். டிங்கிக்கு அடிக்கிற பெயிண்டையே கடலுக்கும் அடித்தேன். நீயோ, "முகத்துக்குப் படகு பெயிண்டா? எல்லாரும் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க நிக்கிற மாதிரி ஆயிடும்" என்று வீட்டுச்சுவர் டிஸ்டெம்பரைக் கரைத்தாய். நம்மூர் மழைக்கு அது எம்மாத்திரம்? நீ போனபின் கப்பல் கரைந்தது, முகங்கள் கரைந்தன. வெளுத்த திட்டுதான் மிச்சம். என் கடல் இன்னும் பளபளக்கிறது. மீன்கொத்திகள் ஏமாந்து பாய்ந்து அலகை உடைத்துக்கொள்கின்றன.

நான் வென்றுவிட்டேன் என்றா நினைக்கிறாய்? அந்த வெற்றுத் திட்டைத் தொட்டு, "யஹீன் தா மேரா பாபா" என்று கும்பிடுகிறாள் நம் காலனி வங்காளி தீதி. அங்கேதான் அவள் அப்பாவை நீ வரைந்திருந்தாய். இல்லாத படத்துக்கு இத்தனை மரியாதை. இருக்கிற கடல்மேல் சைக்கிளைச் சாய்த்து வைக்கிறார்கள்!

இந்த வருஷம் காலனி படத்தைப் புதுப்பிக்கத் துணிந்தது. கப்பல் கடைசியில் என் கைக்கு வந்தது. வீட்டுக்கு வீடு போட்டோ வாங்கி, படகு பெயிண்டிலேயே எல்லோரையும் மறுபடி ஏற்றினேன். ஆமாம், கொஞ்சம் எண்ணெய் வழிகிறது. நேற்று, கேப்டன் நிற்கும் இடத்தில், தொப்பியும் முறுக்கு மீசையுமாக என்னையே வரைந்தேன். உன் கப்பலில், உன் அனுமதி இல்லாமல்!

தீதி அண்ணாந்து பார்த்தாள். கண் கலங்கியது. "அரே, தாதா வாபஸ் ஆ கயா!"

"அச்சு அசல் அண்ணனேதான், திரும்பி வந்துட்டாரு" என்றார் பாயும், அந்த மூக்கை உறிஞ்சியபடி.

அது நான்தான் என்று கத்த வாயெடுத்தேன். தீதி கூப்பிய கையை இறக்கவே இல்லை.

ஏணியிலிருந்து இறங்கி பாய் கடைக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். அங்கேயும் நீதான் நின்றாய்.

சரி, கப்பலை நீயே ஓட்டித் தொலை. மீசை என்னிடம் இருக்கட்டும். கடலை நான் பார்த்துக்கொள்கிறேன்.